போகிக்கு எதைக் கழிப்பது? வீட்டுச் சாமான்களின் ஆயுள்

5 ஜனவரி 2025

கேள்வி இது: "போகிக்கு வீட்டை ஒழிக்கிறோம். மிக்ஸி வாங்கி 8 வருஷம், ஹால் ஃபேன் 12 வருஷம், குக்கர் கல்யாணச் சீரில் வந்தது. எந்தச் சாமானை எத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் கிடைத்தால் அதன்படி கழித்துவிடலாம்."

அந்தப் பட்டியலை நான் தரமாட்டேன். அதை வைத்துக் கழித்தால் நல்ல மிக்ஸி காயலான் கடைக்குப் போகும், அடுப்புக்குப் பின்னால் காய்ந்து விறைத்துப்போன கேஸ் டியூப் அப்படியே கிடக்கும். ஈரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. உள்ளே வருகிற சாமான்களில் பெரும்பாலானவை "செத்துப்போச்சுங்க" என்ற பேச்சோடுதான் வரும். பிரித்துப் பார்த்தால் போயிருப்பது ஒரு சின்ன உறுப்பு. ஆகவே எத்தனை வருஷம் என்று கேட்பதை விட, இதில் முதலில் எது போகும் என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் கழிப்பதா வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

5 ஜனவரி, இரவு

மிக்ஸியிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு பட்டன் இருக்கும். லோடு அதிகமானால் மோட்டார் கருகாமல் இருக்க அது தானாக வெளியே தள்ளிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். இதற்காக மட்டும் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர்கள் இன்னமும் உண்டு. அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஜார் மட்டும் சுற்றவில்லை என்றால் கப்ளர் போயிருக்கிறது. ஜார் உட்காரும் இடத்தில் பல் பல்லாக இருக்கிற அந்தச் சின்னச் சக்கரம்தான். அது உடைவதற்கென்றே வைத்தது. ஜாரில் மஞ்சள் கிழங்கோ கட்டி வெல்லமோ சிக்கி பிளேடு இறுகிக்கொள்ளும்போது அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. விலை குறைவுதான், கழற்றி மாட்ட அதிக நேரமும் ஆகாது.

ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிந்தால், பிளேடின் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டது. சட்னியில் கறுப்புக் கோடு தெரிந்த அன்றே அந்த ஜாரை ஓரமாக வையுங்கள். கசிந்து வருவது உள்ளே இருக்கும் எண்ணெயும் தேய்ந்த உலோகமும். இதற்கு வருஷக் கணக்கு கிடையாது. அடிக்கடி தேங்காய் அரைக்கிற வீட்டில் சீக்கிரம் வரும், எப்போதாவது ஓட்டுகிற வீட்டில் வராமலே போகும்.

மோட்டாரில் பொறி பறந்து கருகிய வாடை வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதுவும் மாற்றக்கூடியதே. வைண்டிங் எரிந்துபோனால்தான் யோசிக்க வேண்டும். செம்புக் கம்பி வைண்டிங் என்றால் திரும்பக் கட்டலாம். அலுமினியக் கம்பி என்றால் கட்டுகிற கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்லுவேன். லேபிளில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் அரை மணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தி எடுக்கிற கணக்கு அது. பொங்கல் சமையலில் மோட்டார் கருகுவது இங்கேதான்.

7 ஜனவரி

முதல் குறிப்பில் வருஷம் கேட்காதீர்கள் என்றேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். இதற்கு விலக்கு உண்டு, அதுவும் முக்கியமான விலக்கு. வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குத் தேதிதான் ஒரே வழி.

முதலில் கேஸ் டியூப். ஆரஞ்சு நிறத்தில் உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூப்புக்கு 5 ஆண்டு. டியூப் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். மாவு பிசைந்த கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் பட்டு அந்த எழுத்து மறைந்திருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் தெரியும். துடைத்தும் தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் உறையோ துணியோ சுற்றி வைக்காதீர்கள். எலி கடித்ததும் வெடிப்பு விட்டதும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்குகிற மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயின்டில் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர். D-26 என்று இருந்தால் 2026 டிசம்பரோடு அந்தச் சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கேஸ் கெட்டுப்போகும் தேதி என்று பலர் நினைக்கிறார்கள். கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரும்புக் கூட்டின் பரிசோதனைக் கெடு அது. கெடு தாண்டிய சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள், வேறு கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கசிவு மாதிரி வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள், வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள். இந்த எண் இரவிலும் எடுக்கும்.

7 ஜனவரி, பிறகு

"எங்கள் வீட்டில் பச்சை ரப்பர் டியூப், கடைக்காரர் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்" என்று ஒருவர். இன்றே மாற்றுங்கள், போகி வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.

8 ஜனவரி

குக்கர். கல்யாணச் சீரில் வந்தது என்று கேள்வியில் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பாத்திரம் பேத்தி கல்யாணம் வரைக்கும் வரும். உடம்பு வளையாமல், அடி உப்பாமல், கைப்பிடி ஆடாமல் இருந்தால் போதும். மாற்ற வேண்டியவை இரண்டே: கேஸ்கட், சேஃப்டி வால்வு.

கேஸ்கட் தளர்ந்தால் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குளிரில் ரப்பர் சுருங்கும், அன்றைக்குச் சோறு ஆகிவிடும். ஆனால் ஃப்ரீசருக்குப் போக ஆரம்பித்த கேஸ்கட் தன் வேலையை முடித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஆவி போகிற குக்கரில் கேஸும் சேர்ந்து வீணாகிறது.

சேஃப்டி வால்வுக்குள் குறைந்த சூட்டில் உருகும் உலோகம் இருக்கிறது. வெயிட்டுக்குப் போகிற துளை அடைத்துக்கொண்டாலோ உள்ளே தண்ணீர் வற்றிவிட்டாலோ அது உருகி ஆவியை வெளியே விடும். அதை ஈயம் வைத்து அடைத்துக்கொண்டு வருகிறார்கள், ஆணி முறுக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த இடத்தை அடைத்த குக்கர் வெடிகுண்டு. ஒரிஜினல் வால்வுதான் போட வேண்டும், இதில் மட்டும் பத்து ரூபாய் பார்க்கவே கூடாது.

தினமும் செய்ய வேண்டியது ஒன்று. மூடியைக் கழுவியதும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, வெயிட் உட்காரும் குழாயின் துளை வழியாகப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்புத் தோல் ஒட்டியிருந்தால் பாதி வட்டம்தான் தெரியும். என் மனைவிக்கு இது கை வேலையாகவே ஆகிவிட்டது, பேசிக்கொண்டே தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பாள்.

11 ஜனவரி

ஃபேனுக்கு வருகிறேன். மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர். பழைய ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் போட்டிருக்கும், காலப்போக்கில் அதன் அளவு குறைந்துபோகும், ஃபேனும் தளர்ந்துவிடும். சத்தம் வந்தால் பேரிங். ஆடினால் இறக்கை வளைந்திருக்கிறது அல்லது மேலே ஃபேனைக் கொக்கியில் மாட்டுகிற ஷேக்கிளின் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஷேக்கிளில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் பின்னையும் ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது மறக்காமல் பாருங்கள். தலைக்கு மேல் தொங்குகிற சாமான், அதில் அலட்சியம் கூடாது. 12 வருஷ ஃபேன் இந்த மூன்றும் சரியாக இருந்தால் இன்னும் ஓடும்.

13 ஜனவரி, போகி

கழித்தாயிற்று, சரி. கொளுத்துவது பற்றி ஒரு வார்த்தை. டயர், பிளாஸ்டிக் குடம், ரெக்சின், ஒயர் எதையும் தீயில் போடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது, விடிந்தால் ஊர் புகையில் நிற்கிறது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைகள் வாசலுக்கு வர முடியாது. எங்கள் பக்கம் இன்று காப்புக் கட்டு. வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வாசலில் செருகிவிட்டு, பழைய பாயையும் தேய்ந்த விளக்குமாற்றையும் எரித்தாலே சடங்கு முடிந்தது.

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் திறந்து அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை எடைக்குப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். செய்யாதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொடுப்பார்கள்.

19 ஜனவரி

ஃபேன் பற்றி எழுதியதை ஒருவர் மடக்கியிருக்கிறார்: "ஓடுகிற ஃபேனை ஓடட்டும் என்கிறீர்கள், கரன்ட் பில்லை யார் கட்டுவது?" நியாயமான கேள்வி. இரண்டு நாளாக இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். குறைந்த கரன்ட்டில் ஓடுகிற புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் பக்கம். வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம், இரண்டு மாத பில்லுக்கு 32. மூன்று ஃபேன் ஓடுகிற வீட்டில் 100 யூனிட்டை நெருங்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறுகிறது நம் மாநிலத்தில், அந்தக் கோட்டுக்கு மேலே கீழே ஊசலாடும் வீட்டுக்கு இது பெரிய காசு. ஆக, நாள் முழுக்க ஓடுகிற ஹால் ஃபேனை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற அறையில் பழையதே இருக்கட்டும்.

ஆனால் ரிப்பேர்க்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். பிஎல்டிசி ஃபேனுக்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அது போனால் எந்தக் கம்பெனி ஃபேனோ அந்தக் கம்பெனி போர்டு வேண்டும், அதிலும் அந்த மாடலுக்கு உள்ளது. என்னிடம் வந்தால் நான் கையை விரிக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது வாரண்டி எத்தனை வருஷம், உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கண்டன்சர் மாற்றி முப்பது வருஷம் ஓட்டிய காலம் இந்த ஃபேன்களுக்கு வருமா என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

19 ஜனவரி, பிறகு

எல்இடி பல்பும் இதே கதை. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று இருக்கும், தினம் 6 மணி நேரம் எரித்தால் 11 வருஷத்துக்கு மேல். இரண்டு வருஷத்தில் போய்விடுகிறது என்று எல்லாரும் புலம்புகிறார்கள். உள்ளே விளக்குப் புள்ளிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவரில் உள்ள கண்டன்சர் சூட்டில் வறண்டுபோகிறது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம். திறந்த ஹோல்டரில் மாட்டுங்கள்.

2 பிப்ரவரி

கிரைண்டர் பற்றி ஏன் எழுதவில்லை என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்கிறார். புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர், கேட்கத்தான் செய்வார். சொல்வதற்கு அதிகம் இல்லாததுதான் காரணம். வீட்டுச் சாமான்களில் இதுபோல உழைப்பது வேறு எதுவும் இல்லை. பெல்ட் தளர்ந்தால் மாவு போட்டதும் கல் நின்று நின்று சுற்றும், பெல்ட்டை மாற்றுங்கள். உளுந்து அரைபட வழக்கத்தை விட நேரம் ஆனால் கல் வழுவழுப்பாகிவிட்டது, கொத்திக்கொள்ளலாம். அம்மி கொத்துகிறவர்கள் தெருவில் வருவது குறைந்துவிட்டாலும் கல் கொத்துகிற ஆள் விசாரித்தால் கிடைக்கிறார். கொத்திய பிறகு தவிட்டையோ பழைய அரிசியையோ போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இட்லியில் கல் நெறுநெறுக்கும்.

3 பிப்ரவரி

ஆர்ஓ, அதாவது குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின். என் தங்கை வீட்டில் சர்வீஸ் ஆள் வருஷா வருஷம் வந்து, உப்பைப் பிரிக்கிற மெம்பரேன் போய்விட்டது என்று மாற்றிவிட்டுப் போனார். போனது என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை (டிடிஎஸ்) அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பேனா அளவுதான் இருக்கும். மாதம் ஒருமுறை உள்ளே போகிற தண்ணீரையும் வெளியே வருகிற தண்ணீரையும் அளந்து காலண்டரில் எழுதி வைக்கச் சொன்னேன். போர் தண்ணீர் 1,100 காட்டுகிற இடத்தில் வெளியே 90, 100 என்று வந்தால் மெம்பரேன் வேலை செய்கிறது. மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால்தான் மாற்ற வேண்டும். அடுத்த முறை ஆள் வந்தபோது அவள் அந்தக் காலண்டரைக் காட்டினாள், அவர் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

ஃபில்டரைத் தள்ளிப்போடக் கூடாது. கார்பன் ஃபில்டர் தண்ணீரில் உள்ள குளோரினைப் பிடித்துக்கொள்கிறது, அது ஓய்ந்துவிட்டால் குளோரின் நேராக மெம்பரேனை அரிக்கும். சின்னதை மாற்றாமல் பெரியதைப் பறிகொடுப்பது இப்படித்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிற டிடிஎஸ் 500. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் முதலில் அளந்து பாருங்கள், ஆர்ஓவே தேவைப்படாமல் போகலாம்.

3 பிப்ரவரி, பிறகு

போர் தண்ணீர் என்றதும் கீசர் நினைவுக்கு வந்தது. டேங்க் உள்ளே மெக்னீசிய ராடு ஒன்று இருக்கும். உப்பு முதலில் அதைத் தின்னும், டேங்க் தப்பிக்கும். பெருந்துறை, திருப்பூர் பக்கம் உள்ள உப்புத் தண்ணீருக்கு வருஷம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. கட்டைவிரல் தடிமன் இருந்தது பென்சிலாக மெலிந்திருந்தால் மாற்றுங்கள். இப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாமல் டேங்க் ஓட்டையான பிறகு கீசரையே மாற்றுகிறார்கள்.

23 பிப்ரவரி

கேள்விகள் சேர்ந்துவிட்டன, சுருக்கமாக.

நான்-ஸ்டிக் தவா: பூச்சு உரிந்தால் கழியுங்கள். வெறும் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போகாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், காலித் தவா அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் போய்விடும். இரும்பு தோசைக்கல்லுக்கு ஆயுள் கேட்கவே வேண்டாம்.

பல் துலக்கும் பிரஷ்: மூன்று நான்கு மாதம். தூவி விரிந்துவிட்டால் அதற்கும் முன்பே.

ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர்: ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பிடிப்பு இல்லை. முதலில் சோப்புத் தண்ணீரில் பிசுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பல சமயம் அதுவே போதும்.

இன்வெர்ட்டர் பேட்டரி: டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எதுவும் வேண்டாம்.

கண் சொட்டு மருந்து: இதை ஒரு அக்கா கேட்டிருந்தார், என் துறை இல்லை என்றாலும் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தெரிந்துகொண்டது. பெட்டியில் அடுத்த வருஷம் வரை தேதி இருந்தாலும், மூடியைத் திறந்துவிட்டால் பொதுவாக ஒரு மாதம்தான். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள். கரைத்த ஓஆர்எஸ் 24 மணி நேரம்.

ஜமக்காளம்: பவானியில் கையால் நெய்ததா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்தது இன்னும் விசேஷங்களுக்கு விரிகிறது. முதலில் போவது இரண்டு ஓரத்து முடிச்சுகள்தான். முடிச்சு அவிழ்ந்த அன்றே திரும்பப் போட்டுவிட்டால் ஊடு இழை பிரியாது, விட்டுவிட்டால் விரல் கடை அளவுக்குப் பிரிந்துகொண்டே வரும்.

6 ஏப்ரல்

வெயில் ஏறிவிட்டது, கடையில் ஃபேனும் ஏர்கூலரும் குவிகின்றன, எழுத நேரமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏர்கூலரில் ஷாக் அடித்தது என்று ஒருவர் கொண்டுவந்தார். நல்ல வேளை, கையில் அடித்ததோடு போயிற்று. கரன்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்றேன். இருக்கிறது, வீடு கட்டும்போதே போட்டது என்றார். டெஸ்ட் பட்டனை எப்போது அழுத்தினீர்கள் என்றால் அப்படி ஒரு பட்டன் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

மெயின் பாக்ஸைத் திறங்கள். T என்று எழுதிய சின்ன பட்டன் ஒன்று இருக்கும். கரன்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் டக்கென்று ஸ்விட்ச் கீழே விழ வேண்டும். விழுந்தால் மறுபடி மேலே தூக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சாதனம் இது. வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே பொறி இறுகிக்கொள்ளும், வெளியே புதிது போலவே பளபளக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், ஞாபகம் வராவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது.

7 ஏப்ரல்

நேற்று இரவே அழுத்திப் பார்த்துவிட்டு விழவில்லை என்று எழுதியவருக்கு: நீங்களே திறக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை இன்றே கூப்பிட்டு மாற்றுங்கள். வந்தவரிடம் எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது முடிகிற வரைக்கும் ஏர்கூலர், கீசர், வாஷிங் மெஷின் மூன்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கி வையுங்கள்.